மாவிளக்கு எடுத்த நாள்

ஜூலை 10, புதன்

நூல் மில்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக பனியன் கம்பெனியில் என் மேஜை மேல் காபி டம்ளருக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கு இதில் எழுதாவிட்டால் யார் மேலாவது விழுந்து பிடுங்கிவிடுவேன் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதல் ஸ்கேன். மூன்று மாதம் முடியாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்று என் மாமியார் சரசாள் அத்தை பிடித்த பிடியில் இத்தனை நாள் தள்ளி இன்றுதான் போனோம். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று சுவரில் போர்டு. நான் கேட்க நினைத்ததெல்லாம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதுதான். என் கணவர் லோகநாதன் காரை நிழலில் நிறுத்த இடம் தேடிப் போனவர் அத்தோடு காணோம். கூட ஒரு ஆள்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "கடைசியா எப்பங்கக்கா தலைக்குக் குளிச்சீங்க?"

"ஏப்ரல் பத்துங்," என்றார் அத்தை.

இந்த வீட்டில் என் உடம்பின் கணக்கு அத்தையின் தலையில்தான் இருக்கிறது. மாதத்தில் அந்த மூன்று நாளும் நான் சாமி ரூம் பக்கம் போகக் கூடாது. ஹாலில் தனிப்பாய், தனித்தட்டு. பிறகு அவரால் மறக்க முடியுமா? அந்தப் பெண் ஏப்ரல் பத்து என்று எழுதிக்கொண்டாள். நான் சுவரில் இருந்த போர்டை மறுபடி படித்தேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர். கருவியை வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். திரும்பத் திரும்ப அதே இடம். "தேதி உறுதியாங்க?" என்றார்.

"சத்தியமாங்க. எங்கூட்ல அதெல்லாம் தப்பவே தப்பாது. மாவெளக்கு எடுத்த அன்னிக்கே நாள் தள்ளிருச்சுன்னு எனக்குத் தெரியும்," என்றார் அத்தை.

"பதிமூணு வாரத்துக்குக் குழந்தை ரொம்பச் சின்னதா இருக்குங்க. தலைக்குப் பின்பக்கம் தண்ணி கோத்த மாதிரி ஒரு பள்ளம் தெரியுது. மண்டை எலும்பும் சரியாப் பிடிபடல."

துடிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அதை மட்டும் என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் பிரசவ டாக்டர் வத்சலாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினோம். அவரும் தேதியைக் கேட்டார், அத்தை அதே தேதியை அதே சத்தியத்தோடு சொன்னார். கோயம்புத்தூரில் கருவின் மூளையை ஸ்கேனில் பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம். அங்கே எழுதிக் கொடுத்தார். இருபத்தொன்பதாம் தேதிதான் இடம் கிடைத்தது. "அவங்களும் இப்படியே சொன்னா, கலைச்சிடறதுதான் அவளுக்கு நல்லது. மனசத் தேத்தி வைங்க," என்று அத்தையிடம் சொன்னார்.

என் வயிறு. என் எதிரிலேயே, என்னைத் தவிர எல்லோரிடமும் அதைப் பற்றிப் பேசி முடித்தார்கள்.

ஜூலை 11, வியாழன்

கம்பெனிக்குப் போனேன். நேவி ப்ளூ துணியின் ஷேடு சரியில்லை என்று சரக்கு எடுக்கும் வெளிநாட்டு பையர் திருப்பி அனுப்பியிருக்கிறான். சாயப்பட்டறைக்காரனைப் பத்து நிமிடம் திட்டினேன். பாவம், அவன் மேல் அவ்வளவு தப்பு இல்லை.

ஜூலை 12, வெள்ளி

அத்தை விளக்குப் பூஜைக்குப் போயிருந்தார். பீரோவிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து உட்கார்ந்து படித்தேன். கருவின் நீளம் இருபத்து மூன்று மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. எந்த வாரத்தில் எவ்வளவு நீளம் என்று போனில் ஒரு அட்டவணை கிடைத்தது. விரலை வைத்து வரிவரியாக இறங்கினேன். இருபத்து மூன்று என்றால் ஒன்பது வாரம்.

ஒன்பது வாரம்தான்.

சரி, எழுதிவிடுகிறேன். ஏப்ரல் பத்து தப்பு. மே எட்டு.

மே எட்டு ஊரில் மாரியம்மன் பொங்கல். கல்யாணமாகி மூன்றாவது வருடம், வயிற்றில் ஒன்றுமில்லை. அடுத்த பொங்கலுக்கு என் மருமகள் மாவிளக்கு எடுப்பாள் என்று அத்தை போன வருடமே வேண்டிக்கொண்டார். நாளைத் தள்ளிப்போட மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாது, வாந்தியெடுத்தே சாவேன். எப்படியும் இரண்டு நாள் தள்ளித்தான் வரும் என்று போடாமல் விட்டேன். அன்று காலை மாவு இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, தட்டில் பூச்சுற்றி, நான் பட்டுச்சேலை கட்டி, ஒறம்பரை சொந்தமெல்லாம் வாசலில் வந்து நிற்கும்போது வந்துவிட்டது.

அப்போது போய்ச் சொல்வதா? இன்னும் ஒரு வருடம் அந்த வேண்டுதலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிவதா? சொல்லவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன், மூன்று சுற்றும் சுற்றினேன். லோகுவுக்கு அந்த வாரம் முழுக்க நைட் ஷிப்ட், அதனால் அவருக்கும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து, "இன்னும் வர்லியா கண்ணு?" என்று அத்தை கேட்டார். இல்லீங்க அத்தை என்றேன். அடுத்த நாளே பொய்யாக மூன்று நாள் பாயில் உட்கார்ந்திருக்கலாம். அதற்குள் அவர் காங்கேயத்துக்கு அக்காவுக்குப் போன் போட்டு, சரசாள் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சரி, அடுத்த மாதம் வந்ததும் கலைந்துபோன மாதிரி சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த மாதம் நிஜமாகவே வரவில்லை. மருந்துக்கடையில் வாங்கிப் பார்த்த பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. பாத்ரூமில் தனியாக நின்று சிரித்தேன்.

இதில் நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? எனக்கு இந்தத் தீட்டு, தூரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. எழுதி வைக்கிறேன்: கிடையாது.

ஜூலை 13, சனி

ஒன்பது வாரத்தில் பின்மூளை வளரும் இடம் ஸ்கேனில் ஒரு கறுப்புப் பள்ளமாகத்தான் தெரியுமாம். மண்டை எலும்பும் அப்போது தெரியாதாம், பதினோரு வாரம் ஆக வேண்டுமாம். படித்ததும் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அடுத்த பக்கத்திலேயே எல்லாப் பள்ளமும் அப்படி இயல்பானதாக இருக்காது என்று போட்டிருக்கிறான். இந்தப் போனைக் கொண்டுபோய்க் கிணற்றில்தான் போட வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது லோகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் வைத்திருந்த பக்கெட்டைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றார்.

"மாவெளக்கு எடுத்த அன்னிக்கா?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"கோயலுக்குள்ளயா?"

"பின்ன ரோட்லயா எடுத்தேன்? மாமா, அது இல்ல இப்ப விசயம். பாப்பாவுக்கு ஒன்பது வாரம்தான். பதிமூணுன்னு நெனச்சுப் பாத்ததுனால அப்பிடித் தெரிஞ்சிருக்கு. டாக்டர்கிட்டத் தேதிய மாத்திச் சொன்னாப் போதும்."

நல்ல செய்திதானே இது? மனுஷன் முகத்தில் வெயில்தான் அடித்தது, வேறொன்றும் தெரியவில்லை. பக்கெட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்," என்றார்.

"தெரிய வேண்டாம். நீங்களே வத்சலா டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லீருங்க."

"நாளைக்கே சொல்லிப்போடறேன்," என்றார். வேறொரு சாயப்பட்டறையில் இருபது பேரை மேய்க்கிறவர், இதைச் செய்ய மாட்டாரா என்று நம்பினேன்.

ஜூலை 16, செவ்வாய்

சொல்லவில்லை. லோகுவுக்கு நேற்று மீட்டிங்காம். இன்று டாக்டர் போனை எடுக்கவில்லையாம். சாயங்காலம் நேரில் போகக் கிளம்பியிருக்கிறார், "நானும் வர்றேன், சத்து மாத்திரை கேக்கோணும்," என்று அத்தை காரில் ஏறிக்கொண்டாராம். போய், சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"ஒரு நிமிசம் அம்மா வெளிய இருங்கன்னு சொல்ல வாய் வர்லியா?"

"எதுக்குன்னு கேப்பாங்களே, யமுனா."

அந்த மாத்திரையை அவர் தலையில் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. வழக்கம்போல தேங்காய் சுட்டுச் சாமிக்குப் படைத்தார்கள். நான் சாப்பிடவில்லை.

ஜூலை 18, வியாழன்

யாரையும் நம்பிப் பயனில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து வத்சலா டாக்டரிடம் நானே போனேன். அவசர ஆபரேஷனில் இருக்கிறார், வருவார் என்றார்கள். உட்கார்ந்தேன். எனக்கு எதிரே ஒரு பெண் ஏழு மாத வயிற்றோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவளைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. இரண்டரை மணிக்குக் கம்பெனியிலிருந்து நாலாவது போன். கன்டெய்னர் வந்து நிற்கிறது, பேக்கிங் லிஸ்டில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

கம்பெனியிலிருந்தே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "டாக்டர் போன்ல பேச மாட்டாங்கம்மா. தேதி மாத்தறதுன்னா வரும்போது நேர்ல சொல்லுங்க," என்றாள் ஒருத்தி. முன்னால் ஒரு நாள் கிடைக்குமா என்றேன். கிடைக்காது. வைத்துவிட்டாள்.

ஒரு தேதி. அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

அத்தையின் அக்கா காங்கேயத்திலிருந்து வந்துவிட்டார். எனக்குப் பெரியத்தை. இழவு வீட்டுக்கு வருகிற மாதிரி பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எதுக்குச் சரசு இருவத்தொம்பது வரைக்கும்? மூளையில்லாத புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எங்கூர்ல நமக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்கறாங்க. புதங்கெழம கூட்டிட்டு வந்தா ஒரே நாள்ல முடிச்சு அனுப்பிருவாங்க. வளர உட்டா இவ ஒடம்புக்குத்தான கேடு?"

அத்தை என் காலடியில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பதினோரு நாளாக அப்படித்தான். தலைக்கு எண்ணெய் வைக்கிறார், பாலில் மஞ்சள் போட்டுக் கொடுக்கிறார், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அழுகிறார். கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும்! "அக்கா சொல்றதும் செரிதான் கண்ணு. நீ கஷ்டப்படறத என்னால பாக்க முடியாது," என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நிஜமாகத் திறந்தேன்.

அதற்குள் பெரியத்தை, "எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றார். "மாவெளக்கு எடுத்து, அம்மன் குடுத்த புள்ள. அதுக்கு ஏன் இப்பிடி ஆச்சு? அன்னிக்குக் கூட்டத்துல எவளோ தீட்டோட வந்திருக்கறா. அது நம்ம தலைல வந்து விடிஞ்சுருக்குது. அவ எவளோ, அவ குடும்பம் வெளங்குமா?"

வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 22, திங்கள்

லோகு குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே சொல்கிறார்: "சும்மா காங்கேயம் போய்ட்டு வரலாம் யமுனா. அந்த டாக்டரம்மாகிட்டத் தனியா நீ பேசிக்கோ. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துரலாம்."

"அங்க உங்க பெரியம்மாவும் அம்மாவும் எனக்கு ரெண்டு பக்கமும் ஒக்காந்திருப்பாங்க. எந்தத் தனியாங்க மாமா?"

துண்டால் முகத்தை மூடித் துவட்டினார். இந்த மனுஷன் குழந்தையைப் பறிகொடுத்தாலும் கொடுப்பார், அம்மாவை ஒரு வார்த்தை பேசமாட்டார். கத்தினேன். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி விழுமளவுக்குக் கத்தினேன். அத்தை ஓடிவந்து, வயிற்றுப் பிள்ளைக்காரி ஏன் கத்துகிறாள் என்று அவரைத் திட்டினார். அது ஒன்றுதான் இன்றைக்கு நடந்த நல்ல காரியம்.

ஜூலை 23, செவ்வாய்

நாளைக்குக் காங்கேயம். அத்தை பையில் என் நைட்டி, துண்டு எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். கம்பெனியில் நாள் முழுக்க யோசித்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போது தெருமுனையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே எனக்கு வழி கிடைத்தது.

வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "அத்தை, ஆடி மாசத்துலயா பண்ணப் போறோம்?"

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"அம்மன் மாசங்க அத்தை. அம்மன் குடுத்ததுன்னு நீங்கதான் சொன்னீங்க. அவ மாசத்துலயே அவ குடுத்தத வேண்டாம்னு வீசறதா? இந்த மாசத்துல நாம நல்ல காரியமே பண்றதில்ல. இது நல்லதா, கெட்டதா? எதுல சேரும்?"

கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு எழுந்து போய் அக்காவுக்குப் போன் பண்ணி, ஆடி முடியட்டும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் பெரியத்தை கத்துவது சமையலறை வரை கேட்டது. அத்தை அசையவில்லை.

ஜெயித்துவிட்டேன். எனக்கு நம்பிக்கையில்லாத ஒன்றை எடுத்து நீட்டி ஜெயித்தேன். பையிலிருந்து என் நைட்டியை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தேன்.

ஜூலை 26, வெள்ளி

ஷிப்மென்ட் போய்விட்டது. நேவி ப்ளூவும் பாஸாகிவிட்டது. முதலாளி எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். நம்பிக்கை கிடையாது என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவை எழுதியிருந்தால் போதாதா?

பயமாக இருக்கிறது. அந்த டாக்டர் பார்த்துவிட்டு, மே எட்டு என்றே வைத்துக்கொண்டாலும் இந்தப் பள்ளம் சரியில்லை என்று சொல்லிவிட்டால்? அன்றைக்கு நான் தட்டை ஏந்தியதுதான் காரணம் என்று அத்தை நினைப்பார், பெரியத்தை நினைப்பார். நானும் நினைப்பேன். அதுதான் பயம். பட்டதாரி, கம்ப்யூட்டரில் நாலு நாட்டுக்காரனோடு பேசுகிறவள், நானும் அப்படித்தான் நினைப்பேன். இத்தனை நாள் தேதியைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேனே, உண்மையில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொல்ல எனக்குப் பதினைந்து நாள் இருந்தது.

ஜூலை 29, திங்கள்

காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். அவிநாசி தாண்டும்போது லோகு என் கையைப் பிடித்தார், பிறகு கியர் போட எடுத்துக்கொண்டார்.

அங்கேயும் கூட ஒரு ஆள்தான். லோகுவை வரச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் டோக்கனை அத்தையின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஜெசிந்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய ரிப்போர்ட்டைப் படித்தார், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "கடைசிப் பீரியட்ஸ் எப்ப?" என்றார்.

"ஏப்ரல் பத்துங்," என்றார் அத்தை.

"மே எட்டு, டாக்டர்," என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். "என்ன கண்ணு சொல்றே? அன்னிக்கு நீ மாவெளக்கு…"

அத்தோடு நின்றுவிட்டது.

"மே எட்டுதான். காலைல. எனக்கு நல்லாத் தெரியும் டாக்டர். அவங்களுக்குத் தெரியாது, நான் சொல்லல," என்றேன். குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று விட்டேன்.

டாக்டருக்கு மாவிளக்கைப் பற்றியும் கவலையில்லை, மாரியம்மனைப் பற்றியும் கவலையில்லை. "அப்ப இன்னிக்குப் பதினோரு வாரம் அஞ்சு நாள்," என்று தட்டிவிட்டு, "படுங்க," என்றார்.

முதலில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பிறகு உள்வழியாகவும் பார்த்தார். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மரியாதைக்காகவா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலா என்று தெரியவில்லை. டாக்டர் படத்தை நிறுத்தினார், அளந்தார், திருப்பினார், மறுபடி அளந்தார். ஏதாவது சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தத் தோன்றியது.

கடைசியில் திரையை என் பக்கம் திருப்பினார். "இது தலை. சுத்தி வெள்ளையா வளையம் தெரியுதா? மண்டை எலும்பு. முழுசா இருக்கு. நடுவுல கோடு, மூளை ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் பட்டாம்பூச்சி ரெக்கை மாதிரி இருக்கே, இந்த வாரத்துல நாங்க தேடறதே இதைத்தான். பின்மூளையும் இந்த வயசுக்கு இருக்கவேண்டிய மாதிரிதான் இருக்கு."

"அந்தப் பள்ளம்?"

"அன்னிக்கு ஒன்பது வாரம். ஒன்பது வாரத்துல எல்லாக் குழந்தைக்கும் அந்தப் பள்ளம் இருக்கும். உங்களுக்கும் இருந்திருக்கும், எனக்கும் இருந்திருக்கும். பதிமூணு வாரம்னு நெனச்சுப் பாத்தா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். அந்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது. தேதிய வெச்சுத்தான் நாங்க எல்லாத்தையும் பாக்கறோம்." கையுறையைக் கழற்றினார். "மூளை இன்னும் வளரணும். இப்பவே எல்லாம் சரின்னு எழுதித் தர மாட்டேன். இருபதாவது வாரம் மறுபடி பாப்போம். ஆனா இன்னிக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல."

சுவரைப் பார்த்துக்கொண்டே அத்தை கேட்டார். "புள்ள நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்கும்மா."

எனக்கு அழுகை வந்தது. அத்தைக்கும் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து அழுதோம். கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் வரை அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. லோகு மட்டும், "நல்லதுதானம்மா? நல்லதுதான?" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஜூலை 30, செவ்வாய்

பேசவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

அத்தை மாவிளக்குத் தட்டைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தார். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். எனக்கு விபூதி கொடுக்கவில்லை. மஞ்சள் பால் மட்டும் டம்ளரில் மூடி மேஜை மேல் இருந்தது, யார் வைத்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

குழந்தைக்கு மூளையில்லை என்றபோது இந்த வீடே என்னைக் கையில் வைத்துத் தாங்கியது. நன்றாக இருக்கிறது என்றதும் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. லோகு இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிறார், வீட்டுக்கு வராமலிருக்க. மன்னிப்புக் கேட்கலாம் என்று போய் நின்றேன். எதற்கு மன்னிப்பு என்று எனக்கே கோபம் வந்து திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. லீவு. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு நின்றிருந்தேன். அத்தையின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பெரியத்தை.

"கோயமுத்தூர்ல நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்களாமா? லோகு சொன்னான். எங்கிட்ட நீ சொல்லவே இல்ல? செரி, அஞ்சாம் மாசம் அவளுக்குக் கட்டுச்சோறு விருந்து போடறதுக்கு நாள் பாக்கோணுமே. நாலு முடியப்போவுதல்லோ?"

"மூணுதான் முடியப்போவுது," என்றார் அத்தை.

"அதெப்பிடி? மாவெளக்கு எடுத்தப்பவே நாள் தள்ளிருச்சுன்னு ஊரெல்லாம் சொன்னே?"

"தப்பாச் சொல்லிப்போட்டேன்."

"பின்ன எப்பக் குளிச்சா?"

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அத்தை ஹாலில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஏப்ரலையும் மேயையும் விட்டு வேறு ஏதாவது ஒரு தேதியைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னால் நானும் அதையே சொல்லிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"மே எட்டு," என்றார்.

பெரியத்தைக்குக் கணக்குப் போடக் கொஞ்ச நேரம் ஆனது. "அன்னிக்கா? ஐயையோ! தூரத்தோடயா கோயலுக்குள்ள வந்தா? அடிப்பாவி, நாங்கூட எவளோன்னு…"

"அக்கா, அவளத் திட்டாதீங்க. எனக்குத் தெரியும். நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

"நீயா?"

"ஆமா. வேண்டுதல் என்னுது. நாந்தான் பரவால்ல எடுன்னு சொன்னேன். கண்ணக் குத்தறதா இருந்தா சாமி எங்கண்ணக் குத்தட்டும். அம்மன் வெளக்கையும் வாங்கிக்கிட்டா, புள்ளையும் குடுத்தா. அவளுக்கே இல்லாத தீட்டு உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

போனை வைத்துவிட்டார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. சத்தியம் என்றால் உயிரை விடுகிற மனுஷி, அக்காவிடம் முழுப் பொய் சொல்லியிருக்கிறார். போய்க் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. இதை முன்னாலேயே செய்திருந்தால் இந்தப் பத்தொன்பது நாளும் மிச்சமாகியிருக்குமே என்று கோபமும் வந்தது. செய்திருப்பாரா என்று நான் கேட்டுப் பார்க்கவே இல்லை, அதுவும் உண்மைதான்.

எழுந்து சமையலறைக்கு வந்தார். என்னைத் தள்ளிவிட்டு அடுப்பை அணைத்தார். பருப்பு அடிப்பிடித்திருந்தது. வேறு பாத்திரத்தில் மேலாக ஊற்றிக்கொண்டே, ஐந்து நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"அடுத்த ஸ்கேனு எப்போ?"

"செப்டம்பர் இருவத்தஞ்சுங்க அத்தை."

கரண்டியைக் கழுவி வைத்தார். திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இந்தத் தேதியாச்சும் நெசமா?" என்றார்.